சாய்ந்து நிற்கும் கொட்டை எழுத்து

சொல்லின் பொருள் ஒருபுறமிருக்க, எழுத்தின் உடம்பும் தனியே பேசும் என்பதைத் தமிழ் வழக்கு நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. ‘கொட்டை எழுத்தில் போட்டிருப்பது கண்ணில் படவில்லையா’ என்று கேட்கும் அன்றாடப் பேச்சில், பருத்த எழுத்துக்கு வாசகரைத் தன்பால் இழுக்கும் உரிமை உண்டென்னும் எண்ணம் அடங்கியிருக்கிறது. அந்தக் கொட்டை எழுத்து நேராக நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தும், கோடுகளின் முனைகளில் நுண்ணிய கட்டுகளைத் தாங்கியும் அமையும்போது அதன் இயல்பு எப்படி மாறுகிறது, அது எங்கே பொருந்துகிறது, எங்கே தோற்கிறது என்பனவே இவ்வுரையின் பொருளாகும். ஆங்கில அச்சுலகில் பிறந்து, இன்று ஒவ்வொரு கணினியிலும் ஏதேனுமொரு பெயரில் குடியிருக்கும் இவ்வெழுத்து வகையைப் பலரும் நாள்தோறும் பார்க்கின்றனர். எனினும் இதைத் தடிக்க வைத்த சாய்வெழுத்து என்றோ, சாய்த்து வைத்த தடித்த எழுத்து என்றோ கருதி விட்டுவிடுவதே பெருவழக்காக இருக்கிறது. இவ்விரு கருத்துமே பிழை என்பதும், இது தனக்கென்று ஒரு வரைமுறை கொண்ட தனி உயிர் என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். லத்தீன் எழுத்துகளில் நெடுங்கோட்டின் முடிவில் குறுக்கே வரும் சிறு கோட்டுக்குச் செரிஃப் என்று பெயர். ரோமானியர் கல்லில் வெட்டிய பேரெழுத்துகளிலேயே காணப்படும் இக்கட்டு, நிற்கும் தூணுக்கு அடிப்பீடம் போல எழுத்துக்கு ஒரு முடிவைத் தருகிறது. நெடுங்கோட்டைத் தண்டு என்றும், தண்டுகளை இணைக்கும் மெல்லிய கோட்டை மயிர்க்கோடு என்றும், எழுத்துக்குள்ளே அடைபட்டிருக்கும் வெற்றிடத்தை உள்வெளி என்றும் குறிக்கலாம். பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு உரியது நூலெழுத்து. ஓரிரு சொற்களைத் தொலைவிலிருந்தும் படிக்கவும், பார்த்த கணத்தில் நிற்கவும் வைப்பதற்கென்று வரையப்படுவது தலைப்பெழுத்து. அளவில் பெரிதாக்கப்பட்ட நூலெழுத்து தலைப்பெழுத்து ஆகிவிடாது. சிறிய அளவில் கண்ணுக்கு இதமாக இருக்கும் தடித்த செரிஃபும் அகன்ற இடைவெளியும் பெரிய அளவில் மந்தமாகத் தெரியும். தலைப்பெழுத்தின் மயிர்க்கோடுகளோ சிறிய அளவில் காணாமல் போய்விடும்.

சாய்வெழுத்து பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் அதன் பருத்த வடிவத்தின் வியப்பை உணர இயலாது. வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வெளியிட்ட வெர்ஜிலின் கவிதைத் தொகுப்பே முழுவதும் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூலாகும். அதற்கான எழுத்துகளை எஃகில் செதுக்கியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. கற்றோரும் அலுவலக எழுத்தர்களும் விரைந்து எழுதிய கையெழுத்தே இதற்கு முன்மாதிரி. கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய நூல்களில் அவ்வெழுத்து தனி நூலெழுத்தாகவே பயன்பட்டது. ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் காட்டுவதற்காகச் சாய்க்கும் வழக்கம் பின்னாளில்தான் வந்தது. இன்னொன்றும் நினைவில் இருத்தத்தக்கது: அந்நூலில் சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன, பேரெழுத்துகள் நேராகவும் சிறியனவாகவும் நின்றன. ஆகவே சாய்வெழுத்தின் உயிர் சாய்வுக் கோணத்தில் இல்லை; பேனாவை எடுக்காமல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு ஓடும் கையின் நடையில் இருக்கிறது. ‘ஏ’ என்னும் சிற்றெழுத்து சாய்வில் மேல்வளைவை இழந்து ஒரே வீச்சில் முடிவதும், ‘எஃப்’ அடிக்கோட்டுக்குக் கீழே வால் நீட்டுவதும் அந்த நடையின் தடயங்களே.

எனவே சாய்வெழுத்து இயல்பில் விரைவானது, மெலிந்தது, தனிமையில் படிப்பவருக்குத் தாழ்ந்த குரலில் பேசுவது. பருத்த எழுத்தோ நின்று முழங்குவது, தெருவில் போகிறவரைத் தடுத்து நிறுத்துவது. ஓட்டமும் கனமும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இரு இயல்புகள்; ஓடுகிறவன் மூட்டை சுமக்க விரும்ப மாட்டான். இவ்விரண்டையும் ஓர் உடம்பில் சேர்க்க வேண்டிய தேவை எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனில்.

அதற்கு முன்னரே ஓர் அடித்தளம் அமைந்திருந்தது. பர்மிங்ஹாம் நகரின் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான தாளையும் கருமை மிக்க மையையும் கொண்டு 1757இல் வெர்ஜிலை அச்சிட்டபோது, எழுத்தின் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாடு முன்னைவிடக் கூர்மையடைந்தது. பாரிசில் டிடோ குடும்பத்தாரும் பார்மாவில் ஜாம்பாட்டிஸ்டா போடோனியும் அவ்வேறுபாட்டை எல்லைவரை கொண்டு சென்றனர்; தண்டு கனத்தது, மயிர்க்கோடு நூலிழையாயிற்று, செரிஃப் வளைவின்றித் தட்டையான கீற்றானது. இந்த வடிவத்தில்தான் பின்னர் வந்தவர்கள் பருமையை ஏற்ற முடிந்தது. ஏனெனில் மயிர்க்கோட்டைத் தொடாமல் தண்டை மட்டும் பெருக்கிக்கொண்டே போக இவ்வமைப்பு இடங்கொடுத்தது.

அப்படிப் பெருக்கியவராக வில்லியம் சாவேஜ் 1822இல் வெளியான தமது அலங்கார அச்சுக்கலை நூலில் குறிப்பிடுவது ராபர்ட் தார்னை. தாமஸ் காட்ரெலிடம் தொழில் கற்று, 1794இல் அவருடைய எழுத்து வார்ப்பகத்தையே வாங்கிய தார்ன், தண்டின் அகலம் எழுத்துயரத்தின் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும் அளவுக்குப் பருத்த எழுத்துகளை வார்த்தார். ஆங்கில அச்சுத் தொழிலாளர் அவற்றுக்கு இட்ட பெயர் ‘ஃபேட் ஃபேஸ்’, அதாவது கொழுத்த முகம். வாசிப்பதற்கென்று அன்றி விளம்பரத்துக்கென்றே பிறந்த முதல் எழுத்து வகை இதுவே எனலாம். நேர்வடிவத்துடன் சாய்ந்த வடிவமும் சேர்ந்தே வளர்ந்தது. லண்டன் சுவர்களில் அரசு லாட்டரிச் சீட்டு விளம்பரங்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஒட்டப்பட்ட காலம் அது. தாமஸ் பிஷ் போன்ற லாட்டரி முகவர்கள் துண்டறிக்கைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் தாராளமாகச் செலவு செய்தனர். பிரித்தானிய அரசு லாட்டரி 1826இல் முடிவுக்கு வரும்வரை கொழுத்த எழுத்துக்கு அங்கே ஓய்வில்லை. தார்ன் 1820இல் மறைந்தபின் ஏலத்துக்கு வந்த அவரது ஃபேன் தெரு வார்ப்பகத்தை எழுத்து வார்ப்புத் தொழிலில் முன் அனுபவமில்லாத வில்லியம் தொரோகுட் வாங்கினார்; அதற்கான பணம் ஒரு லாட்டரிப் பரிசிலிருந்து வந்தது என்று அச்சு வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. ‘தொரோகுட் சாய்வெழுத்து’ என்று பிற்காலத்தில் மறுபதிப்புப் பெற்ற எழுத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வெழுத்தின் உள்ளமைப்பை ஒரே ஓர் எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சிற்றெழுத்து ‘என்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். நேர்வடிவத்தில் அது இரண்டு தூண்களும் அவற்றின் மேல் ஒரு வளைவுமாக நிற்கும். தூண்களின் அடியில் தட்டையான செரிஃப்கள் இருக்கும். சாய்ந்த கொழுத்த வடிவத்தில் முதல் தண்டின் தலையில் செரிஃபுக்கு மாறாக, பேனா தாளைத் தொடும் கணத்தைக் காட்டும் மயிரிழைக் கொக்கி ஒன்று இடப்பக்கத்திலிருந்து ஏறி வருகிறது. அதையடுத்து முழுக்கனத்துடன் தண்டு இறங்குகிறது. அடியைத் தொட்டதும் கனம் முழுவதும் மறைந்து, தண்டின் வலது விளிம்பை ஒட்டி ஒரு மயிர்க்கோடு மேலேறுகிறது. அக்கோட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கத்தி முனை போன்ற வெள்ளை ஆப்பு ஒன்று உருவாகிறது. உச்சியில் வளைந்தவுடன் மயிர்க்கோடு மீண்டும் பருத்து இரண்டாம் தண்டாக இறங்கி, அடியில் சுருண்டு, மற்றொரு மயிரிழையாக மேல்நோக்கி முடிகிறது. கருமை, வெண்மை, இழை, கருமை என்று மாறி மாறி வரும் இந்த ஏற்ற இறக்கமே வரி முழுவதும் தொடர்கிறது. எழுத்தைச் செதுக்கியவரின் திறமை தண்டைப் பருக்க வைத்ததில் இல்லை. அந்த வெள்ளை ஆப்பு அடைபடாமல் காத்ததில் இருக்கிறது. அது அடைபட்டால் எழுத்து கறுப்புக் கட்டியாகிவிடும். அது திறந்திருந்தால் எத்தனை கனத்திலும் கையின் ஓட்டம் தெரியும்.

வளைவுகள் தொடங்கும் அல்லது முடியும் இடத்தில், குறிப்பாகச் சிற்றெழுத்து ‘சி’, ‘எஃப்’, ‘ஆர்’, ‘ஒய்’ போன்றவற்றில், குன்றிமணி போன்ற உருண்டை முனை ஒன்று தொங்கும். மயிர்க்கோடு வெளியில் நீண்டு வெறுமையில் முடிந்தால் கனமான உடம்புக்கு எதிரெடை இல்லாமல் எழுத்து ஒருபக்கம் இழுத்ததுபோல் தோன்றும். உருண்டை அந்த எதிரெடையைத் தருகிறது. அலங்காரம் என்று கருதப்படுவதில் பாதிக்கு மேல் இவ்வகை எடைக் கணக்கே. ‘மற்றும்’ என்னும் பொருளுடைய இணைப்புக்குறியிலும் இதைக் காணலாம். லத்தீன் மொழியின் ‘எட்’ என்னும் சொல்லின் இரண்டு எழுத்துகள் பின்னி உருவான அக்குறி, நேர்வடிவங்களில் தன் பிறப்பை மறைத்து ஒரு முடிச்சாக இறுகிவிட்டது; பல சாய்வு வடிவங்களிலோ அவ்விரண்டு எழுத்துகளும் தெளிவாகவே தெரிகின்றன. கனத்த சாய்வெழுத்தில் அது ஒரு முழுச் சித்திரமாகவே மலர்கிறது. நேரெழுத்தில் அமைத்த நிறுவனப் பெயருக்கு நடுவில் இந்த ஒரு குறியை மட்டும் சாய்வெழுத்திலிருந்து கடன் வாங்கும் வடிவமைப்பாளர்கள் இன்றும் உண்டு. அது நல்ல கடன்.

உலோக அச்சில் இவ்வழகுக்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகமாக இருந்தது. ஈய எழுத்து ஒவ்வொன்றும் நேரான செவ்வகக் கட்டையின் தலையில் வார்க்கப்படுவது. சாய்ந்த எழுத்தோ அக்கட்டையின் எல்லைக்குள் அடங்க மறுப்பது. ஆகையால் ‘எஃப்’ போன்ற எழுத்துகளின் தலையும் வாலும் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த எழுத்தின் தோள்மேல் சார்ந்து நின்றன. அழுத்தம் சற்றே கூடினாலும் அந்த நீட்சிகள் ஒடிந்தன. பெரிய சுவரொட்டிகளுக்கு வேண்டிய அளவில் ஈயத்தில் வார்ப்பது எடையாலும் செலவாலும் கடினமாக இருந்தபோது, மரம் உதவிக்கு வந்தது. நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் 1827 அளவில் சுழலும் வெட்டுமுனை கொண்டு மர எழுத்துகளைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அம்முறையுடன் படியெடுக்கும் கருவியான பேண்டோகிராஃபை இணைத்தார். ஒரே மாதிரி வடிவத்திலிருந்து வெவ்வேறு அளவிலும் அகலத்திலும் எழுத்துகளை வெட்ட வழி பிறந்தது. அதற்கு முன்பே வந்துவிட்ட ஸ்டான்ஹோப்பின் இரும்பு அச்சுப்பொறி, பெருங்கருமையை ஒரே இழுப்பில் தாளில் பதிக்கத்தக்க வலிமையைத் தந்திருந்தது. வடிவத்தின் துணிவுக்குப் பின்னால் இரும்பும் மரமும் இருந்தன என்பதை மறந்துவிட்டு எழுத்து வரலாற்றை எழுத முடியாது.

அக்காலத்து அறிஞர்கள் எல்லோரும் இதை வரவேற்கவில்லை. அச்சாளர் டி. சி. ஹான்சார்ட் 1825இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வெழுத்துகளை அச்சுக்கலைக்கு நேர்ந்த கேடாகவே கண்டார். நூலெழுத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவர் கண்டனத்தில் நியாயம் உண்டு. பத்து வரிகளைக்கூட இவ்வெழுத்தில் தொடர்ந்து படிக்க முடியாது. ஆனால் அவ்வளவுகோலே இங்குப் பொருந்தாது. முரசை வீணையோடு ஒப்பிட்டு இனிமை குறைவென்று சொல்வது இசையறிவு ஆகாது. அச்சு என்றால் நூல் மட்டுமே என்றிருந்த உலகில் தெருவுக்கும் அச்சு உரியது என்று காட்டியது இவ்வெழுத்தே. அதற்குரிய மதிப்பு அதற்குத் தரப்பட வேண்டும். நூலுக்குள் ஒரு சொல்லைத் தடித்துக் காட்டும் தேவைக்கு வேறொரு விடை பின்னர் கிடைத்தது: அதே ஃபேன் தெரு வார்ப்பகத்திலிருந்து 1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் என்னும் எழுத்து, அகராதிகளிலும் கால அட்டவணைகளிலும் உரையோடு இணங்கி நிற்கும் தடிப்பை அளித்தது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சற்றே மங்கிய கொழுத்த சாய்வு, இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வேறு முகங்களுடன் திரும்பி வந்தது. ஒன்று போடோனியின் பெயரைத் தாங்கியது. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1928இல் அல்ட்ரா போடோனியையும், லைனோடைப் நிறுவனத்துக்காகச் சான்சி கிரிஃபித் 1929இல் போஸ்டர் போடோனியையும் அமைத்தனர். போடோனி கண்டிருந்தால் இவற்றைத் தம் பிள்ளைகள் என்று ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. இவை உண்மையில் தார்னின் கொள்ளுப் பேரர்கள். மற்றொரு முகம் சிகாகோவில் பிறந்தது. ஆஸ்வால்ட் கூப்பர் 1922இல் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகத்தின் வழியே தந்த கூப்பர் பிளாக் எழுத்தில் மயிர்க்கோடே இல்லை. தடிப்புக்கும் மெலிவுக்கும் வேறுபாடு குறைந்து, செரிஃப்கள் பிசைந்த மாவின் விளிம்பு போல உருண்டு, கனம் முழுவதும் மென்மையாக மாறியது. அதன் சாய்ந்த இணை, தூரிகையால் எழுதிய பெயர்ப்பலகையின் நெருக்கத்தைத் தந்தது. அதற்குப் போட்டியாக மோனோடைப் நிறுவனம் ஃபிரெடெரிக் கௌடியிடம் கேட்டு வாங்கியது கௌடி ஹெவிஃபேஸ்.

இவ்விரு முகங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகும். தடிப்பும் சாய்வும் செரிஃபும் இரண்டுக்கும் பொது. ஆனாலும் குரல் முற்றிலும் வேறு. கொழுத்த போடோனிச் சாய்வு மினுக்கும், நாடக மேடையில் நின்று பேசும், மயிரிழைகளின் கூர்மையால் சற்றே திமிரும் காட்டும். கூப்பரின் சாய்வு கடைத்திண்ணையில் உட்கார வைத்து உபசரிக்கும். ஆகவே ஒரு நிறுவனமோ இதழோ ‘தடித்த சாய்வெழுத்து வேண்டும்’ என்று மட்டும் கேட்பது போதுமான கேள்வி ஆகாது; கனம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, மெல்லிய கோடு எவ்வளவு மெல்லியது, முனைகள் கூர்மையா உருண்டையா என்று கேட்டால்தான் குரல் தெரியும். ஒளிப்பட முறையில் எழுத்து அமைக்கும் தொழில்நுட்பம் ஈயக் கட்டையின் சிறையை உடைத்தபின், 1975இல் எட் பெங்குவியாட் ஐடிசி நிறுவனத்துக்காக வரைந்த புக்மேன் குடும்பத்தின் தடித்த சாய்வில் வால்களும் சுருள்களும் தாராளமாக நீண்டு, மூன்றாவது குரலொன்று ஒலித்தது. அதற்கு முன்பு ஒடிந்துவிடும் என்று அஞ்சிய நீட்சிகள் படலத்தில் ஒடியவில்லை.

இங்கு ஒரு கொள்கைச் சண்டையையும் குறிப்பிட வேண்டும். ஆங்கில அச்சறிஞர் ஸ்டான்லி மாரிசன் 1926இல் எழுதிய கட்டுரையொன்றில், நேரெழுத்துக்கு இணையாக வரும் சாய்வெழுத்து கையெழுத்தின் பழக்கங்களை விட்டொழித்து, நேர்வடிவத்தையே சாய்த்ததாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஒரே பக்கத்தில் இரு வேறு நடைகள் கலப்பது அமைதியைக் குலைக்கும் என்பது அவர் கவலை. ஜான் வான் கிரிம்பென் தமது ரோமுலஸ் எழுத்தில் அக்கொள்கையை முழுமையாகச் செயல்படுத்திப் பார்த்தார். விளைவு ஒழுங்காகவும் உயிரற்றதாகவும் அமைந்தது. பின்னர் மாரிசனே அந்நிலையைத் தளர்த்திக்கொண்டார். நூலெழுத்தில் இச்சண்டை நுட்பமான ஒன்று. தலைப்பெழுத்திலோ விடை வெளிப்படையானது: பருத்த நேரெழுத்தைச் சாய்த்தால் விழப்போகும் சுவர் கிடைக்கும்; பருத்த கையெழுத்தை வரைந்தால் ஓடிவரும் யானை கிடைக்கும். மாத்யூ கார்ட்டர் இவ்வகை எழுத்தொன்றை 1992இல் கணினிக்கென்று மீட்டெடுத்தபோது அதற்கு ‘எலிஃபண்ட்’ என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம்.

பயன்பாட்டில் இவ்வெழுத்தின் முதல் இடம் ஒற்றைச் சொல். ஒரு பத்திரிகையின் பெயர், ஒரு நாடகத்தின் தலைப்பு, ஒரு தின்பண்டத்தின் உறை, விலைக்குறைப்பு அறிவிப்பு ஆகியவற்றில் ஒரு சொல் தனித்து நிற்கும்போது சாய்வு அதற்குத் திசையைத் தருகிறது. நேரான கொட்டை எழுத்து ‘இங்கே நில்’ என்றால், சாய்ந்த கொட்டை எழுத்து ‘இந்தப் பக்கம் வா’ என்கிறது. இரண்டாவது இடம் நாளிதழ்த் தலைப்பு. பல ஆங்கில நாளிதழ்கள் செய்திக்கு நேரெழுத்தையும், கருத்துக் கட்டுரைக்கும் சிறப்புப் பத்திக்கும் தடித்த சாய்வையும் ஒதுக்கி, படிக்கத் தொடங்கும் முன்பே இது தகவலன்று, ஒருவர் பேச்சு என்று உணர்த்துகின்றன. சொல்லொன்றும் சேர்க்காமல் வகையைப் பிரித்துக் காட்டும் இத்திறம் எழுத்துருவின் ஆற்றலுக்கு நல்ல சான்று. மூன்றாவதாக, நேரெழுத்தில் அமைந்த நீண்ட தலைப்பின் நடுவே ஒரு சொல்லை மட்டும் தூக்கிக் காட்டவும் இது பயன்படுகிறது. அங்கே அது பேச்சில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லும் குரலேற்றத்தின் இடத்தை நிரப்புகிறது.

எல்லைகளும் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்ற கணக்கில் 24 பாயிண்டுக்குக் கீழே கொழுத்த போடோனி வகைச் சாய்வைப் பயன்படுத்துவது மயிர்க்கோடுகளைப் பலியிடுவதாகும். மை ஊறிப் பரவும் செய்தித்தாளில் உள்வெளிகள் அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, அச்சகத்தார் ‘ரிவர்ஸ்’ என்று சொல்லும் முறையில் அமைத்தால், சுற்றியுள்ள மை உள்நோக்கிப் பரவி இழைகளை விழுங்கிவிடும். அவ்வேலைக்குக் கூப்பர் வகையே தாங்கும். முழுவதும் பேரெழுத்தில் அமைப்பது மற்றொரு பெருந்தவறு. கையின் ஓட்டம் வாழ்வது சிற்றெழுத்துகளில். பேரெழுத்துகள் கல்வெட்டில் பிறந்தவை, அவற்றைச் சாய்த்தால் கல் சாய்ந்ததாகவே தோன்றும். எழுத்திடைவெளியையும் இறுக்கமாகவே வைக்க வேண்டும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையைவிட எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளை மிகுந்தால் ஓட்டம் அறுந்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே சறுக்கி விழுவதுபோல் காட்சியளிக்கும்.

கணினி வந்தபின் இவ்வெழுத்துக்கு நேர்ந்த பெருந்தீங்கு, தடிப்புக்கு ஒரு பொத்தானும் சாய்வுக்கு ஒரு பொத்தானும் வைத்ததே. உண்மையான சாய்வு வடிவம் கோப்பில் இல்லாதபோது மென்பொருள் நேரெழுத்தையே ஒரு கோணத்தில் தள்ளிச் சாய்க்கிறது. அவ்வாறு தள்ளும்போது ஒரு வட்டம் என்ன ஆகிறது என்று கவனித்தால் போதும்: மேல் வலப்பகுதியும் கீழ் இடப்பகுதியும் வீங்குகின்றன, மேல் இடப்பகுதியும் கீழ் வலப்பகுதியும் இளைக்கின்றன, நெடுங்கோடு சற்றே மெலிகிறது, படுக்கைக்கோடு மட்டும் மாறாமல் நிற்கிறது. தடிப்புப் பொத்தானோ எழுத்தின் விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் சதை பூசுகிறது. தண்டோடு மயிர்க்கோடும் பருத்து, வெள்ளை ஆப்பு முதலில் அடைபடுகிறது. தார்ன் காலத்துச் செதுக்குநர் தண்டில் மட்டும் ஏற்றிய கனத்தை இயந்திரம் எல்லா இடத்திலும் பங்கிட்டுக் கொடுத்து வடிவத்தின் காரணத்தையே அழித்துவிடுகிறது. விலையின்றிக் கிடைக்கும் எழுத்துருக்களிலேயே கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சன் வடிவமைத்த பிளேஃபேர் டிஸ்ப்ளே போன்றவை முறையாக வரையப்பட்ட கருஞ்சாய்வு வடிவத்துடன் இருக்கும்போது, பொத்தானை நம்புவதற்குக் காரணமே இல்லை.

தமிழ் அச்சுக்கும் இச்சிக்கல் உரியதே. இன்னும் கூர்மையாகவே உரியது. தமிழ் எழுத்தின் வளைவுகள் எழுத்தாணியால் ஓலையில் கீறிப் பழகியவை. எழுத்தாணிக் கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை. லத்தீன் எழுத்தில் பட்டை நுனிப் பேனா, கனம் எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததுபோல் தமிழுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கருவி இல்லை. சிற்றெழுத்து, பேரெழுத்து என்ற பிரிவும் இல்லை. இந்நிலையில் ‘தமிழ்’ என்ற சொல்லையே மென்பொருளில் தட்டிச் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நிகழ்வது நோக்கத்தக்கது. சாய்வு அடிக்கோட்டை அச்சாகக் கொண்டு நடப்பதால், கோட்டுக்கு மேலே உள்ளவை வலப்பக்கமும் கீழே உள்ளவை இடப்பக்கமும் நகர்கின்றன. தகரத்தின் வால் இடப்பக்கம் விலகுகிறது. ழகரத்தின் கீழ்ச்சுழி மிகரத்தின் அடியில் புகுகிறது. ழகரத்தின் தலைமேல் உள்ள புள்ளியோ வலப்பக்கம் தள்ளப்பட்டு, அடுத்து வரும் எழுத்துக்கு உரியதுபோல் மயங்க வைக்கிறது. ஒரே மெய்யெழுத்து மேலும் கீழுமாக இரு திசைகளில் இழுக்கப்படுகிறது. கையால் சாய்த்து வரையும் ஒருவர் புள்ளியைச் சற்றுப் பின்னிழுத்தும், சுழியை முன்தள்ளியும் எழுத்தை ஒருடம்பாகக் காத்திருப்பார்.

அப்படிக் காத்தவர்கள் தமிழில் இல்லாமலில்லை. அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் பருத்த சாய்வு கைக்கெட்டாதிருந்த காலத்தில், வார இதழ்களின் கதைத் தலைப்புகளையும் திரைப்படச் சுவரொட்டிகளையும் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் எழுதிய ஓவியர்கள் பட்டைத் தூரிகையால் அதைத் தாமே படைத்தனர். தூரிகையின் பட்டை இறங்கும்போது கனமும், விளிம்பு திரும்பும்போது மெலிவும் இயல்பாகவே வந்தன. எழுத்தாணி செய்யாததைத் தூரிகை செய்தது. ஒரே தலைப்பில் ககரம் இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை: சொல்லின் தொடக்கத்தில் வருவது அகன்றும், நடுவில் வருவது அண்டை எழுத்துக்கு இடம்விட்டு ஒடுங்கியும் நிற்கும், ஒற்றுப்புள்ளி சில சமயம் வட்டமாகவும், சில சமயம் தூரிகையின் ஒரே தட்டில் விழுந்த சாய்சதுரமாகவும் அமையும், கொம்பின் சுழி அடுத்த எழுத்தின் தோளைத் தொட்டு நிற்கும். ஓர் எழுத்துக்குச் சூழலுக்கேற்ப மாற்று வடிவங்களைத் தானே தேர்ந்து வைக்கும் வசதி இன்றைய எழுத்துருக் கோப்புகளில் உண்டு. அந்த ஓவியர்களின் தலைப்புகளை எடுத்து வைத்து, கனம் எந்த வளைவில் ஏறியது, எந்தத் திருப்பத்தில் இறங்கியது, புள்ளி எவ்வளவு பின்னிழுக்கப்பட்டது என்று எழுத்து எழுத்தாக அளந்தால், தமிழ்ப் பருஞ்சாய்வு எழுத்துரு ஒன்றுக்கான வரைபடம் அந்தப் பழைய இதழ்களின் பக்கங்களிலேயே கிடைக்கும்.